நான் நிறுத்திவைத்த காவல்

நேற்று என் மடிக்கணினியைத் திருத்தக் கொடுப்பதற்காகக் காலி வீதியில் ஒரு கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவருடைய பழைய பெட்டிக் கணினியை மேசையில் கிடத்தி, பக்கத்து மூடியைக் கழற்றிக் காற்றடித்தார்கள். சூடேறிய தூசியின் மணம் கடை முழுக்கப் பரவியது. உப்பும் கருகலும் கலந்த மணம். வேலைசெய்த பெண் என்னைப் பார்த்து, "மூக்கைப் பொத்துங்கோ அன்ரி" என்றாள். நான் பொத்தவில்லை. என் முறை வந்தபோது என்ன கோளாறு என்று கேட்டாள். "சரியான ஸ்லோ" என்றேன். சொன்னதும், கொண்டுபோனதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். உன்னிடம் நான் முதன்முதலில் கொண்டுவந்த முறைப்பாடும் அதுதான்.

நீ போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இப்போது எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தவரை என் வெள்ளவத்தையிலிருந்து உன் கொட்டாஞ்சேனை ஒரு பஸ் பயண தூரம்தான். அப்போது வாய் திறக்காதவள் இப்போது எழுதுவதில் பெருமை ஒன்றும் இல்லை. அது எனக்கும் தெரியும்.

பம்பலப்பிட்டித் தட்டச்சு வகுப்பில் நமக்குப் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. நீ துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து அம்மாவோடு வந்து, கடலைப் பார்த்த ஒழுங்கையொன்றில் மேல்மாடி இரண்டறையில் குடியிருந்தவள். என்னுடைய 'ஓம்' உனக்குச் சிரிப்பு, உன்னுடைய 'ஆமா' எனக்குச் சிரிப்பு. வகுப்பு முடிந்தபின் நான் மொழிபெயர்ப்புப் பக்கம் போனேன். நீ கணினி திருத்தப் படித்து மருதானையில் ஒரு கடையில் சேர்ந்தாய். அங்கே நீ ஒருத்திதான் பெண். வருகிறவர்கள் உன்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, திருத்துகிற ஆள் எங்கே என்று கேட்பார்களாம். "ஒங்களுக்கு முன்னாலதான் நிக்கிறேன்" என்பாயாம். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் இருந்த திமிர் எனக்குப் பிடிக்கும். பிறகு அந்தத் திமிரை உன்னிடமிருந்து எடுத்தவளும் நான்தான்.

நீதிமன்றங்கள் நிறைந்த புதுக்கடைச் சட்டத்தரணிகளுக்குச் சத்தியக்கடதாசிகளை, அதாவது சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலங்களை, மொழிபெயர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒரு தாய் தமிழில் சொல்லி அழுததை, நீதிமன்றத்துக்கு ஏற்ற ஆங்கிலத்தில் அழுகை இல்லாமல் எழுத வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், என்ன நிற வாகனம், எந்தப் பக்கம் போனது. ஒரு மனிதன் இருக்கும் இடம் தவறான ஆளுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. அதைத் தட்டச்சு செய்துதான் நான் சோறு தின்றேன்.

அதற்காக வாங்கிய பழைய கணினி ஆறு மாதத்திலேயே ஊரத் தொடங்கியது. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் ஊற்றிக் குடித்துக் கோப்பையையும் கழுவி வைத்துவிடலாம், திரை அப்போதுதான் விழிக்கும். நீ ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்து மூடியைக் கழற்றினாய்.

"அய்யோ மதி, கடல அப்பிடியே உள்ளுக்கு வச்சிருக்க!"

கடற்காற்று எல்லாவற்றின்மேலும் உப்புப் படிய வைத்திருந்தது. தூரிகையால் தூசியைத் தட்டினாய். நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் பொறுமையாகத் தேய்த்தாய். பிறகு திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கணினி விழிக்கும்போதே தானாகத் தொடங்குகிற வேண்டாத நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாய். "காலைல எழும்பின ஒடனே இருவது பேர் ஒன்ட குசினிக்குள்ள வந்து நின்னா நீ எப்பிடிச் சமைப்ப?" என்று கேட்டாய். அம்மாவுக்கும் அது விளங்கியது. அவர் உனக்கு மீன் அடைத்த மாலுபாண் இன்னொன்று எடுத்து வைத்தார்.

கடைசியாக, வைரஸ்களை மறிக்கிற காவல் நிரல் ஒன்றைப் போட்டாய். வைரஸ் கார்ட் என்போம். திரையின் மூலையில் சின்னதாக ஒரு கேடயம். "இது கொஞ்சம் இழுக்கும். ஒவ்வொரு ஃபைலையும் பாத்துத்தான் உள்ளுக்கு விடும். அதுக்காக இத நிப்பாட்டிறாத" என்றாய். கடவுச்சொல்லை எழுதித் திரையில் ஒட்டாதே என்றாய். தெரிந்தவர் அனுப்பினாலும் கேட்காமல் வந்த இணைப்பைத் திறக்காதே, முதலில் போன் எடுத்துக் கேள் என்றாய். நான் எல்லாவற்றுக்கும் ஓம் போட்டேன்.

தொலைபேசி வழியாக இணையத்தில் புகுந்து புது வைரஸ்களின் பட்டியலை இறக்கி அந்தக் காவலைப் புதுப்பிக்க மணிக்கணக்கில் ஆகும். அதனால் நீ கடையில் இறக்கி, டிஸ்கட்டுகளில் ஏற்றி, சனிக்கிழமை தோறும் எனக்காகக் கொண்டுவருவாய். ஒரு சனிக்கிழமை நாமிருவரும் வந்த பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். உன் கைப்பையைக் கிளறிய ஆமிக்காரன் டிஸ்கட்டுகளைத் தூக்கிப் பிடித்து, "மொனவத மே?" என்றான், என்ன இவை என்று. நீ சிங்களத்திலேயே, கணினிக்கு மருந்து, தம்பி என்று சொன்னாய். "கொம்பியூட்டர் எகட்ட பேத், மல்லி." அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையைத் திருப்பித் தந்தான். பஸ்ஸில் ஏறியதும் நீ என் கையைப் பிடித்தாய். அப்போதுதான் தெரிந்தது, உன் கையும் சில்லிட்டுப் போயிருந்தது. எனக்கு மருந்து கொண்டுவருவதற்காக நீ தாண்டிய சாவடிகளை நான் அன்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வருடம்தான் உன் தம்பி யூட்டைக் கொண்டுபோனார்கள். துறைமுகத்தில் சரக்குக் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். நகரில் குண்டு வெடித்ததும் ஆமி கொட்டாஞ்சேனையைச் சுற்றிவளைத்து அள்ளியதில் அவனும் போனான். மூன்று வாரம் வைத்திருந்து, குற்றம் ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். விட்ட பிறகுதான் பயம் தொடங்கியது. பெயர் சொல்லாத ஆட்கள் வீட்டுக்கு வந்து அவன் எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். நீ அவனை நீர்கொழும்பில் உன் சின்னம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டாய். அவனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு தூதரகத்துக்கு மனு எழுத வேண்டும் என்று என்னிடம் வந்தாய். நடந்தவை எல்லாம், இப்போது இருக்கும் இடம், அங்குள்ள தொலைபேசி இலக்கம் எல்லாம் அந்த மனுவில் இருந்தன. நீ சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். அச்சடித்து முடிந்ததும் நீ சொன்னாய்:

"மதி, இத டிஸ்கட்ல ஏத்தி எனக்குத் தா. ஒன்ட கொம்பியூட்டர்ல இருக்கக் கூடாது. அழிச்சிரு. பின்னால இருக்கிற குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிரு."

"ஓம், நான் பிறகு செய்யிறன்."

"பிறகு இல்ல."

"எடியே, ஓம் எண்டு சொல்லுறன் தானே."

நான் அழிக்கவில்லை. தூதரகம் ஏதாவது திருத்தம் கேட்டால் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டுமே என்று வைத்துக்கொண்டேன். சோம்பல்தான். அதற்கு வேறு பெயர் தேட மாட்டேன்.

அதற்குப் பின் இரண்டு கிழமை கழித்து, ஒரு வழக்குக்காக நாற்பது பக்கச் சத்தியக்கடதாசியை மறுநாள் காலைக்குள் கொடுக்க வேண்டியிருந்தது. மின்வெட்டு வேறு. கரண்ட் வந்து கணினியைப் போட்டால், ஒவ்வொரு கோப்பைத் திறக்கவும் அது மூச்சிரைத்தது. மூலையில் இருந்த கேடயத்தில் அழுத்திப் பார்த்தேன். நிறுத்தவா என்று கேட்டது. நிறுத்தினேன். உடனே எல்லாம் பறந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அடுத்த நாளும் போடவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும், நீ படியேறி வருமுன் அதைத் திரும்பப் போட்டு வைப்பேன். நீ டிஸ்கட்டைச் செருகிப் புதுப்பித்து, "இப்ப பரவாயில்லையா?" என்று கேட்பாய். "நல்ல வேகம்" என்பேன். நீ போனதும் நிறுத்திவிடுவேன். மூன்று சனிக்கிழமை இப்படி உன்னை ஏமாற்றினேன். விளையாட்டுப் போலத்தான் இருந்தது.

பிறகு ஒரு புதன்கிழமை, எனக்கு வேலை அனுப்புகிற சட்டத்தரணி ஒருவரிடம் எழுத்து வேலை பார்க்கும் லிகிதரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, கூடவே ஓர் இணைப்பு. போன் எடுத்துக் கேட்கவில்லை. திறந்தேன். யாருடைய வழக்கோ, அரைப் பக்கம். தவறி அனுப்பிவிட்டார் என்று நினைத்து மூடினேன். அன்று பின்னேரம் கணினி மறுபடி ஊர்ந்தது. இணையத்தில் இருந்தபோது, நான் ஒன்றும் அனுப்பாமலே மோடத்தின் விளக்குகள் ஓயாமல் மினுங்கின. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வியாழக்கிழமை காலை லண்டனிலிருந்து மச்சாள் போன் எடுத்தாள்.

"மதி, எனக்கு ஏன் இந்தக் கடிதத்தை அனுப்பினனீ? ஆர் இந்த யூட்? நீர்கொழும்பு விலாசம் எல்லாம் கிடக்கு. ஏதும் உதவி கேக்கிறியோ?"

போனை வைத்துவிட்டு நின்றேன். என் முகவரிப் புத்தகத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மனதில் வந்தார்கள். சட்டத்தரணிகள், லிகிதர்கள், லொட்ஜ் முகாமையாளர் ஒருவர், அரசாங்கத் திணைக்களத்து மொழிபெயர்ப்பாளர்கள், ஒரேயொருமுறை கடிதம் எழுதி முகமே தெரியாத ஆட்கள். அத்தனை பேரிடமும் யூட் இருக்கும் வீட்டின் இலக்கம் போயிருக்கிறது.

அப்போது நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். மருதானைக் கடைக்குப் போன் எடுத்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நிமிடம். ஆனால் உன் முதல் கேள்வி, "கார்ட் போட்டிருந்துச்சா?" என்றுதான் இருக்கும். அதனால் நான் முதலில் போய்க் கேடயத்தைத் திரும்பப் போட்டேன். பிறகு எனக்கு நானே சமாதானம் சொன்னேன். யார் இதையெல்லாம் வாசிக்கப் போகிறார்கள்? குப்பை என்று அழித்திருப்பார்கள். சனிக்கிழமை நீ வருவாய்தானே, அப்போது மெல்லச் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவனைக் கொண்டுபோனார்கள்.

சனிக்கிழமை நீ வரவில்லை. ஞாயிறு வந்தாய், காலையில் பூசைக்குக் கட்டிய சேலையோடு. வாசலில் நின்றபடியே சொன்னாய், முறைப்பாடு எழுத வேண்டும், உடனே. நீ சொல்லச் சொல்ல நான் அடித்தேன். எத்தனை பேர், நால்வர். என்ன நிற வாகனம், வெள்ளை. உன் சின்னம்மா கண்டதைச் சொன்னாய். வந்தவர்களில் ஒருவன் மடித்த ஆங்கிலக் கடதாசியொன்றை வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் யூட்டின் முழுப் பெயரையும் கூப்பிட்டானாம்.

அந்த இடத்தில் என் கை நின்றது. மச்சாள் போன் எடுத்ததையும், மனுக் கடிதம் எல்லோருக்கும் போய்விட்டதையும் சொன்னேன்.

நீ கத்துவாய் என்று நினைத்தேன். என்னை எழுப்பிவிட்டு அந்தக் கதிரையில் உட்கார்ந்தாய். "அழிக்கச் சொன்னேன் தானே" என்று மட்டும் சொன்னாய். அதுவும் மெதுவாக. பிறகு தேடிப் பார்த்தாய். கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்தாய். "வைரஸ்தான். ஒன்ட ஃபைல் ஒன்ன எடுத்து, ஒன்ட அட்ரஸ் புக்ல இருக்கிற எல்லாருக்கும் அனுப்புற சாமான்." பிறகு மூலையில் இருந்த கேடயத்தைப் பார்த்தாய். அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

"கார்ட் போட்டுத்தானே இருக்கு. பின்ன எப்பிடி உள்ளுக்கு விட்டுச்சு?"

"எனக்குத் தெரியேல்ல" என்றேன்.

நீ மேசையில் கிடந்த டிஸ்கட்டுகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"நான் கொண்டுவந்தது பழசு. அதுல இருக்கிற பட்டியல்ல இந்த வைரஸ் இருந்திருக்காது. சரியாப் பாக்காம ஏத்திட்டேன். என்ட பிழ, மதி. என்ட கையாலதான் யூட்..."

அம்மா உன்னைக் கட்டிப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. அன்று பின்னேரமே நீ கண்ணீரைத் துடைத்துத் துடைத்து என் கணினியை முழுக்க அழித்து, புதிதாக எல்லாவற்றையும் போட்டுத் தந்தாய். அந்த நிலையிலும், என் கணினியை.

யூட் ஒன்றரை வருடம் உள்ளே இருந்தான். அந்த ஒன்றரை வருடமும் நீ ஒவ்வொரு முகாமாக, ஒவ்வொரு அலுவலகமாக நடந்தாய். உன் மனுக்களை நான் மொழிபெயர்த்தேன். ஒரு சதமும் வாங்கவில்லை என்று ஊர் என்னை மெச்சியது. "மதி மாதிரி ஒரு சிநேகிதி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று உன் அம்மா எல்லோரிடமும் சொல்வார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்றார்கள்.

யூட் திரும்பி வந்தபோது நீ மருதானைக் கடையை விட்டு ஒரு வருடமாகியிருந்தது. முதலாளி இரண்டு தடவை வீடு தேடி வந்து கூப்பிட்டாராம். "என்ட கைய எனக்கே நம்ப ஏலாது" என்று சொல்லி அனுப்பினாயாம். கோயிலோடு சேர்ந்த பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனாய். கொழும்பில் வீட்டுக்கு வீடு கணினி வந்த காலம் அது. உன்னைவிட அரைவாசி தெரிந்தவர்கள் கடை போட்டுக் கார் வாங்கினார்கள். நீ ஒரு திருகாணிகூடக் கழற்றவில்லை.

போர் என்றால் இப்படித்தான், யார் என்ன செய்ய முடியும் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். அது எனக்கு மிகவும் வசதியான பேச்சாக இருந்தது. அவனைக் கொண்டுபோன அந்த நால்வர் யாரென்று இன்றும் தெரியாது. அவர்களை நான் மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் விலாசம் கொடுத்தது போர் இல்லை.

எல்லாம் முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு கிறிஸ்மஸுக்கு கேக் கொண்டுவந்திருந்தாய். தேநீர் குடித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று கோப்பையைக் கீழே வைத்தாய்.

"மதி, பழைய டிஸ்கட் ஒன்னு வீட்ல கெடச்சிச்சு. யூட்ட கொண்டுபோறதுக்கு முந்தின சனிக்கிழம கொண்டுவந்தது. கடைல குடுத்துப் பாத்தேன். அதுல இருக்கிற பட்டியல்ல அந்த வைரஸ்ட பேரும் இருக்கு. பின்ன ஏன் கார்ட் புடிக்கல?"

நீ என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன், சத்தியமாக இல்லை. ஒரு தொழில்காரி இன்னும் விடை தேடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். நான் சொல்லியிருந்தால், அந்த இடத்திலேயே உன் கை உனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். "அந்தக் காலத்துக் கொம்பியூட்டர் தானே, ஆருக்குத் தெரியும்" என்றேன். நீ தலையாட்டினாய். "ஆமா, நான்தான் சரியா ஏத்தல போல" என்று கேக்கை வெட்டினாய்.

உனக்கு நோய் வந்தபின் ஆஸ்பத்திரிக்கு ஒன்பது தடவை வந்தேன். ஒன்பது தடவையும் சொல்லத்தான் வந்தேன். ஒருநாள் நீ களைத்திருந்தாய். ஒருநாள் பக்கத்துக் கட்டிலில் ஆட்கள். ஒருநாள் நீ சிரித்தாய், அதைக் கெடுக்க மனம் வரவில்லை. காரணம் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி.

முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். பூசை முடிந்து எல்லோரும் தேநீருக்குப் போனபோது, கோயில் மதிலோரமாக யூட்டைக் கூப்பிட்டேன். ஐம்பதைத் தொட்டுவிட்டான். உன்னைப் போலவே நெற்றியைச் சுருக்கிப் பார்க்கிறான். அந்தக் காவலை நிறுத்தி வைத்தது நான், உன் அக்கா இல்லை என்று சொன்னேன். அவன் மற்றப் பக்கமாகத் தலையைத் திருப்பிக் குனிந்தான்.

"மதி அக்கா, அந்தக் காது கேம்ப்ல வச்சு அடிச்சதுல போச்சு. இந்தப் பக்கம் சொல்லுங்க."

இரண்டாவது தடவை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. நிறுத்தினேன், உன் அக்காவை ஏமாற்றினேன், தெரிந்தும் வெள்ளிக்கிழமை வரை வாய் திறக்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் போன இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒவ்வொரு வருசமும் அந்த வெள்ளிக்கிழம வந்தா அக்கா எனக்கிட்ட மன்னிப்புக் கேப்பா. விடு அக்கான்னு சொன்னாலும் விடமாட்டா. சாகிறதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தியும் கேட்டா" என்றான். பிறகு, "இத நீங்க எனக்குச் சொல்லித் தேவையில்ல. அவளுக்குத்தான் சொல்லியிருக்கணும்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வந்தவர்களைக் கவனிக்க உள்ளே போய்விட்டான். நான் தேநீர் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

அவனிடமும் சொல்லாத ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை, என் கதிரையில் இருந்து நீ "என்ட பிழ, மதி" என்றாய் அல்லவா? அப்போது எனக்குள் முதலில் எழுந்தது இரக்கம் இல்லை, பயமும் இல்லை. ஓர் ஆறுதல். அப்பாடா, தப்பினேன் என்று நெஞ்சு இளகியது. நீ அழுதுகொண்டிருந்தாய், எனக்கு மூச்சு இலகுவாக வந்தது. நீ போய்விட்டாய், யூட்டுக்கும் தெரிந்துவிட்டது, இனி மறைக்க ஒருவரும் இல்லை. ஆனாலும் அன்று வந்த அந்த நிம்மதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.